வெட்டிப்போட்ட மூச்சு

நைனார்பாளையத்துத் தைரியநாதன் பாடவே இல்லையாம். எல்லாம் கம்ப்யூட்டர் பாடினதாம். ஊர்க்காரன் இருசப்பன் இதை யாரிடமோ கேட்டு வந்து டீக்கடையில் சொல்ல, கரும்பு லோடு இறக்கிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வந்த சின்னராசு, கை கழுவுவதற்கு முன்பே மனைவி ஜெயசுதாவிடம் கொட்டினான்.

“இன்னா சுதா, ஊமையக்கூட பாட வெச்சுடுவியாமே? எனக்கும் ஒரு பாட்டு போட்டுக் குடேன்.”

“நீங்க கொட்டாவி வுட்டாலே மைக்கு கிழிஞ்சிடும். சாப்புடுங்க.”

“சிரிக்காத. குருத்து ஞாயிறு அன்னிக்கு கோயில்ல அந்தப் பெரியவரு பாட எழுந்தாராம். ரெண்டாவது வரிக்கே உக்காந்துட்டாராம். அப்ப செல்லுல சுத்திக்கினு இருக்கிற பாட்டு யாருதுன்னு கேக்கறாங்க.”

கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றுபோயிற்று. அது யாருடைய குரல் என்று ஜெயசுதாவுக்குத் தெரியும். குரல் அவருடையதேதான். அதில் இல்லாமல்போனது வேறு.

ரிஷிவந்தியத்திலிருந்து கச்சிராயபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள் அவள். திருவிழா அறிவிப்பு பேச வேண்டிய ஆள் ஒருமுறை வராமல்போக, செல்போனில் தானே பேசிப் பதிந்து கொடுத்தாள். ஆட்டோ அவள் குரலைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியது. அதிலே பிடித்த கிறுக்கு. உரமூட்டை அடுக்கும் அறையில் பழைய மெத்தைகளைச் சுவரோடு நிறுத்தி, ஒரு மைக், யாரோ கழித்த கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். கடைத் திறப்பு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, சாமி பாட்டு எல்லாம் அங்கேதான். கரும்பு டிராக்டர் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனால் வேலை நிற்கும். அந்த டிராக்டர்களில் ஒன்று அவள் புருஷனுடையது.

வீடியோ பார்த்துக் கற்றதில் அவளுக்கு மிகவும் பழகிய சாமான் கம்ப்ரெஸ்ஸர். மலைக்குப் போகிற பஸ்ஸில், செல்போனில் பாட்டு கேட்கிறவனுக்குப் பாடகன் ஓங்கிப் பாடினால் காது கிழியும். தணிந்து பாடினால் இஞ்சின் சத்தம் விழுங்கிவிடும். கம்ப்ரெஸ்ஸரில் ஒரு கோடு போட்டு வைத்தால், அதற்கு மேலே எகிறுகிற குரலை அது அமுக்கும். அமுக்கிய பிறகு மொத்தத்தையும் தூக்கிக்கொள்ளலாம். தணிந்ததும் கேட்கும், ஓங்கியதும் உறுத்தாது. எவ்வளவு அமுக்குகிறது என்பதை ஒரு முள் காட்டும். பாடுகிறவர் முகத்தைவிட அந்த முள்ளைத்தான் அவள் அதிகம் பார்ப்பாள்.

தைரியநாதன் வருஷாவருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு ஒரு பாட்டு பாடி எடுத்துக்கொண்டு போவார். வாலிபத்திலிருந்து கல் கிரஷரில் வேலை பார்த்த மனுஷன்; மனைவி இல்லை; ஒரே மகள் மெர்லின் மஸ்கட்டில் நர்ஸ். போன வருஷம் அவர் வாயைத் திறந்ததும் முள் துள்ளி விழுந்தது. இந்த வருஷமும் அதே மைக், அதே இடம், ஜெயசுதா சேமித்து வைத்திருந்த அதே அளவுகள். அவர் கண்ணை மூடிப் பாடினார். முள் அசையவே இல்லை.

ஏதோ கழன்றிருக்கிறதென்று ஒயரை அசைத்துப் பார்த்தாள். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

கம்ப்ரெஸ்ஸரில் போட்டிருந்த கோட்டை இறக்கினாள். இன்னும் இறக்கினாள். கடைசியில் முள் ஆடத் தொடங்கியதும் மொத்தத்தையும் தூக்கினாள். குரல் எழுந்தது, கூடவே, ஒவ்வொரு வரி முடிவிலும் பஞ்சரான டியூபில் காற்றுப் போகிற மாதிரி ஒரு விசில் எழுந்தது. ஹெட்போனை அவருக்கும் கொடுத்தாள்.

கேட்டுவிட்டு அவர் ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

“இந்தச் சத்தம் வாணாம்மா.”

“பெரிப்பா, டாக்டர்கிட்ட போனீங்களா?”

“கள்ளக்குறிச்சியில காட்டினேன். பாண்டிச்சேரிக்குப் போயி டெஸ்ட் எடுன்னாரு. ஈஸ்டர் முடியட்டும், நானே மெர்லின்கிட்ட சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத. அது நர்சு, லேசுல வுடாது. பாட்டு பலமா இருக்கணும்.”

“சரி பெரிப்பா, சொல்லல” என்றாள். எல்லாப் பாடகருக்கும் மூச்சை வெட்டுவதுதானே வழக்கம் என்று சொல்லிக்கொண்டே அவள் வெட்டினாள். வரிக்கு வரி வெட்டி, குரலை அமுக்கி, தூக்கி, தேய்த்து வழவழப்பாக்கினாள். ‘மலையேறி வந்தேன் ஆண்டவரே, மடியில் சாய இடம் தாரும்.’ மலையேறியவன் ஒருதரம்கூட மூச்சு வாங்கவில்லை. அப்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையே அவர் போனுக்குக் காலர் டியூனாக வைக்கவும் அவளே ஏற்பாடு செய்து கொடுத்தாள்.

நாலைந்து நாளில் மஸ்கட்டிலிருந்து மெர்லின் கூப்பிட்டாள்.

“அக்கா, அப்பா போன்ல இருமிக்கினே இருந்தாருன்னு பயந்து லீவு போட்டிருந்தேன். பாட்ட கேட்டேன். நாங்க எத்தினி பேரு நெஞ்சுல காத வெச்சி கேக்கறோம்! ஒரு இழுப்புகூட இல்ல. லீவ கேன்சல் பண்ணிட்டேன். ஆகஸ்டுல வர்றேன்.”

“அப்பிடியாம்மா” என்றாள் ஜெயசுதா. போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியவை எத்தனையோ வாய்க்கு வந்தன.

இப்போது சின்னராசு சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தான். “இன்னா, பேய் அறைஞ்சாப்ல நிக்கிற?”

“ஊருல சொல்றது பாதி நிசம்ங்க” என்று உர அறைக்குள் போனாள்.

கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரம் பிடித்தது. வெட்டாத பதிவு இன்னும் இருந்தது. கம்ப்ரெஸ்ஸரை அணைத்துவிட்டு, செல்போனில் எப்படிக் கேட்கிறதென்று ஓட்டிப் பார்த்தாள். எங்கோ ஒரு மனுஷன் தணிந்து பாடுகிறான், அவ்வளவுதான். இதை அனுப்பினால் மைக் தள்ளி இருந்ததென்று மெர்லின் நினைத்துக்கொள்வாள். மறுபடி கம்ப்ரெஸ்ஸரைப் போட்டாள். மூச்சுகளை மட்டும் அதனதன் இடத்தில் விட்டாள். பாட்டைத் தூக்கி நிறுத்திய அதே அளவில் விசிலும் எழுந்து, மெத்தை நிறுத்திய அந்த அறை முழுக்க இழுத்தது. பின்னாலேயே வந்த சின்னராசு சோற்றுக் கையோடு வாசலில் நின்றுவிட்டான்.

“யாரு அது, அந்தப் பெரியவரா?”

“அவருதான்.”

“இதயா வெட்டின?”

அவள் அதை வாட்ஸ்அப்பில் மெர்லினுக்கு அனுப்பினாள். கீழே, ‘முன்ன அனுப்பினதுல மூச்ச நான்தான் வெட்டினேன். இத ஹெட்போன்ல கேளும்மா. உடனே வா’ என்று எழுதினாள். ஒற்றை டிக் விழுந்தது. மெர்லின் டூட்டியில் இருப்பாள். போனை அணைத்து வைத்திருப்பாள்.

கொடுத்த வாக்கை மீறியாயிற்று. அதை அவரிடமே சொல்லிவிட வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். தைரியநாதனின் எண்ணை அழுத்தினாள்.

மணிக்குப் பதிலாகப் பாட்டு வந்தது. அவள் அமுக்கித் தூக்கிய குரல், காதோடு காதாக, இடைவெளியில்லாமல், திடமாக. மலையேறி வந்தேன் ஆண்டவரே. வரி முடிகிற இடத்தில் அவள் கை தானாகப் போனை இன்னும் அழுத்திக்கொண்டது. ஒன்றும் இல்லை, சுத்தமாக அடுத்த வரி. யாரும் எடுக்காமலே பாட்டு பாதியில் அறுந்து, அழைப்பு தானாக நின்றது.

“தூங்குவாரு” என்றான் சின்னராசு. அவன் கையில் சோறு காய்ந்திருந்தது.

திரும்ப அழுத்தினாள். இந்தத் தரமும் எடுக்க ஆளில்லாமல் பாட்டு பாதியிலேயே அறுந்தது: மலையேறி வந்தேன் ஆண்டவரே, மடியில் சாய