சொல்லாமல் விட்ட மூன்று விநாடி

என் மனைவி விமானம் ஓட்டுகிறாள் என்று சொன்னால் பலர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சரியாகச் சொன்னால் அவள் துணை விமானி, கேப்டனுக்குப் பக்கத்து இருக்கை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பாள், பூட்டை நாலு தடவை இழுப்பாள். நான் கேலி செய்வேன். ஆனாலும் அப்படிப்பட்டவள் ஓட்டும் விமானத்தில்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

மூன்று மாதத்துக்கு முன்பு, விமானம் ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அன்றிருந்த கேப்டன் நிறுத்தினார். பார்த்தால் விளக்கில்தான் கோளாறு, விமானத்தில் ஒன்றுமில்லை. யாரும் திட்டவில்லை, விதிப்படி அவள் செய்தது சரி. ஆனால் காபி மெஷின் பக்கத்தில் எவனோ அவளுக்கு ‘பிரேக் மேடம்’ என்று பட்டம் கட்டிவிட்டான். அவளும் சேர்ந்து சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் என் கையில் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை நண்பகல். நூற்று அறுபது பயணிகள். வேறொரு கேப்டன் ஓட்டினார். வேகத்தைச் சொல்வதும் என்ஜின் அளவுகளைக் கவனிப்பதும் இவள் வேலை. “எண்பது” என்றாள். அந்த வேகத்தைத் தாண்டினால் பெரிய ஆபத்துக்கு மட்டுமே நிறுத்தலாம். வீணாக நிறுத்தினால் டயர் வெடிக்கும், பாதை போதாமல் போகும். அப்போதுதான் வலது என்ஜினின் சூடு ஏறுவதைப் பார்த்தாள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பைத் தொட்டது. சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.

டமாரென்று ஒரு சத்தம். விமானம் வலப்பக்கம் இழுத்தது. “ஸ்டாப்!” என்று கத்திக்கொண்டே கேப்டன் என்ஜினைக் குறைத்து பிரேக்கை மிதித்தார். பின்னால் குழந்தைகள் வீறிட்டன. ஓடுபாதை முடிந்து புல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் விமானம் நின்றது. தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்தன. என்ஜினுக்குள் ஒரு தகடு உடைந்திருந்தது. யாருக்கும் காயமில்லை.

இதையெல்லாம் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சீருடையைக்கூட மாற்றாமல் சொன்னாள். எதிரே ஒரு படிவம் இருந்தது. என்ன பார்த்தோம், எப்போது பார்த்தோம் என்று அவளும் கேப்டனும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும்.

“சத்தம் கேட்டப்பதான் ரெண்டு பேரும் பார்த்தோம்னு எழுதிடுங்கன்னு கேப்டன் சொல்றாரு.”

“அப்படியே எழுதிடேன். உன் கண்ணு எதைப் பார்த்துச்சுன்னு யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன். எனக்கு அவள் வேலை போய்விடுமோ என்ற பயம்.

“நான் மூணு விநாடி முன்னாடியே பார்த்துட்டேன். ஏன் சொல்லலை தெரியுமா? மறுபடியும் சிரிப்பாங்கன்னு.” பேனாவைத் திறந்தாள். “நூத்தி அறுபது பேர் இருக்காங்க, எனக்கு அந்தச் சிரிப்புதான் பெருசாப் பட்டுச்சு. எனக்கு என்னை நினைச்சாலே பயமா இருக்குங்க.”

அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒளிவுமறைவு வேண்டாமென்று கேப்டனுக்கு ஃபோன் செய்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், நான் உள்ளதை எழுதிட்டேன். சத்தத்துக்கு முன்னாடியே சிவப்பைப் பார்த்தேன், சொல்லலை.”

அவர் குரல் கம்மிப்போய் வந்தது.

“நானும் பார்த்தேன் மேடம். நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு, அது ஒண்ணுமில்லைன்னு நினைச்சுட்டேன்.”

அத்தனை பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்த மூன்று விநாடியும் இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்திருக்கிறார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதையும் எழுதுங்க சார்,” என்றாள்.