அண்டியாபீஸ் வாசலில் நான் திறந்த கை

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் அக்காள் சாகும்போது விட்டுப்போனது. ஐந்து பேருக்கும் சோறு போட்டது அண்டி. முந்திரிக்கொட்டைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அதை உடைத்துப் பருப்பெடுக்கிற கம்பெனி அண்டியாபீஸ். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

முப்பத்தைந்து வருடம் தரையில் உட்கார்ந்து கொட்டை உடைத்தேன். முதுகு போன பிறகு என்னை வாசலில் போட்டார்கள். சாயங்காலம் வெளியே போகிற பெண்கள் பருப்பு கடத்துகிறார்களா என்று மடியைத் தடவிப் பார்க்கிற வேலை. என்னையும் ஒரு காலத்தில் தடவியிருக்கிறார்கள். அது கேவலம் என்று தெரியும். இருந்தும், என் கைக்குத் தப்பி ஒரு பருப்பு போகாது என்று பெருமையாகத்தான் செய்தேன். அதையும் மறைக்கவில்லை.

அதற்குள் ஊர் மாறிவிட்டது. ரப்பர் விளைகளை வெட்டி நாலுவழிச்சாலை போட்டார்கள். மிச்ச விளையில் வரிசை வீடுகள் முளைத்தன. எங்கள் பெண்பிள்ளைகள் நர்சு படித்து கல்ஃபுக்குப் போனார்கள்; போகாதவர்கள் துணிக்கடைக்குப் போனார்கள். கொட்டை உடைக்க ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். எந்த ஊர்க்காரியானாலும் எங்களுக்குப் பெங்காலிதான். ஏஜெண்டு ஒருவன் அவர்களைக் கூட்டிவந்து, ஓர் அறைக்கு ஆறு பேராக அடைத்து வைத்திருந்தான். வேலை போனால் அன்றைக்கே அறையும் போகும்.

ஒருநாள் ஐந்து மணிச் சங்கு ஊதி எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒடிசாவிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகாத ஒருத்தி, பத்தொன்பது வயதிருக்கும், வலது கையை ஷாலுக்குள் சுருட்டி மூடியிருந்தாள்.

“கையத் தொறடி” என்றேன்.

தலையை ஆட்டினாள். மூடியது மூடியபடியே.

படியில் நின்ற மேனேஜர் பார்த்துவிட்டார். என் மூத்தவன் வயதுதான் அவருக்கு. “என்ன, களவு கிட்டிச்சா? பருப்பு இருந்தா நேரே போலீசுதான், கேட்டியா.”

“கள்ளிய உள்ள கொண்டுபோய் விசாரிங்க, எனக்கு பஸ்ஸு போவும்” என்றாள் வரிசையில் நின்ற எங்கள் ஊர்க்காரி ஒருத்தி. சிரித்தார்கள்.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவளுக்குப் பலம் இருந்தது. எனக்கு அதைவிட இருந்தது. விரல் விரலாகப் பிரித்தேன். பருப்பு இல்லை. ஷாலில் ஒட்டியிருந்த உள்ளங்கைத் தோல் அதோடு உரிந்து வந்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்டித் தோட்டின் எண்ணெய்க் கறை பட்டுப் பொள்ளியது. உடைக்க உட்காருமுன் கம்பெனி தருகிற தேங்காயெண்ணெயை இரண்டு கையிலும் தேய்த்து, சாம்பலில் புரட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு என் மாமியார் முதல்நாளே சொல்லித் தந்தாள். இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. எண்ணெயை அவர்கள் தலையில் தேய்த்ததைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். நானும்தான்.

கையில் புண் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். நாங்கள் வீட்டில் இருந்து ஆற்றிக்கொள்வோம். அவளை ஏஜெண்டு ரயிலேற்றிவிடுவான். அதற்குத்தான் மறைத்திருக்கிறாள்.

மேனேஜர் இறங்கி வந்தார். “என்ன உண்டு கையில?”

அவள் என்னையே பார்த்தாள். விரல்களை மடக்கி ஷாலை மேலே போட்டேன்.

“ஒண்ணும் இல்ல சாரே. வளையல் ஒடஞ்சு கீறியிருக்கு.”

“காட்டட்டும்.”

“பொம்பளப் பிள்ள கைய நீங்க எதுக்குப் பிடிச்சுப் பாக்கணும்? நான் பாத்தாச்சுல்லா.”

என் முகத்தையே பார்த்தார். வாசலில் உட்கார்ந்த எட்டு வருடத்தில் நான் சொன்ன முதல் பொய். “செரி, போவட்டு” என்று திரும்பினார்.

கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டுப்போட்டு, பத்து நாள் நனைக்கக்கூடாது என்றார்கள். ஆனால் காலையில் எட்டு மணிக்கு அவள் வந்தாக வேண்டும். வந்தால் கட்டு தெரியும். வராவிட்டால் பேர் வெட்டு.

மறுநாள் அவளோடு முதல் ஆளாகப் போய் வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் அவள் கை பொள்ளிய கதையைச் சொல்லி, கையுறை தராமல் உள்ளே போகாதீர்கள் என்றேன். நேற்று பஸ் போகும் என்றவள் கேட்டாள்: “நேத்து கள்ளின்னு பிடிச்ச. இன்னைக்கு மகளாயிட்டாளா?”

“நீயோ நானோ அவளுக்கு எண்ண தேய்க்கக் காட்டிக் குடுத்தமா? பல்லக் காட்டிச் சிரிச்சோம்லா.”

அவள் டிபன் பாத்திரத்தைத் தரையில் வைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் உள்ளே போக ஆளில்லை.

மேனேஜர் கத்தினார்: “என்ன கெழவி, ஸ்டிரைக்கா? சமரமா?”

“சமரமோ சவமோ, எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் கையுறை வரட்டு. இந்தப் பிள்ள பேர வெட்டக்கூடாது. நான் இனி எவ மடியையும் தடவ மாட்டேன்.”

மத்தியானம்வரை வெயிலில் இருந்தோம். பேர் வெட்டவில்லை. மூன்றாம்நாள் கையுறை வந்தது. மடி தடவ வேறொருத்தியை வைத்தார்கள். அதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. என்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். போகட்டும்.

அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் இங்கே வருகிறாள். இப்போதும் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் தோலை உரித்தவள் நான். அதை ஒருநாளும் அவள் வாயால் சொன்னதில்லை. அதனால்தான் இதை அவள் முன்னால் வாசிக்க என் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

மக்களே, இதை மெதுவா வாசி. அவளையும் கூப்பிட்டு இருத்து. இப்ப அவளுக்குத் தமிழ் தெரியும். நான் எங்கயாவது எனக்குத் தோதா எழுதியிருந்தா, அவ சொல்லட்டு.