கையால் எழுதிய கடைசிப் பக்கம்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் நீதிபதியம்மாவின் படத்தை நேற்றுத் திறந்து வைத்தார்கள். எங்கள் ஊரின் முதல் பெண் நீதிபதி. "எனக்கு அவங்க கூடப்பிறந்த அக்கா மாதிரி" என்று பழைய தலைமை எழுத்தர் ஒலிபெருக்கியில் உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பதினோரு வருடம் அம்மாவுக்குத் தட்டச்சு செய்தவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா பொறுப்பேற்றபோது நாற்காலியைக்கூட மாற்றித் தரவில்லை. ஆறடி ஆளுக்குச் செய்தது. அம்மாவுக்குக் கால் தரையில் எட்டாது. காலாவதியான சட்டப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கால் வைத்துக்கொண்டார். "இதுக்காவது உதவட்டுமே" என்பார்.

முதல் வருடமே ஒரு தீர்ப்பு வாசிக்கும் முன்பே வெளியே கசிந்து, குற்றவாளி ஓடிவிட்டான். அதிலிருந்து, என்ன தண்டனை என்று சொல்லும் கடைசிப் பக்கத்தை மட்டும் என்னிடம்கூடத் தரமாட்டார். வாசிக்கிற அன்று காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தன் கையாலேயே எழுதுவார்.

பிறகு வந்தது தையல் ஆலை வழக்கு. தீப்பிடித்தபோது வெளியே பூட்டு, உள்ளே ஏழு பெண்கள். பூட்டச் சொன்னவர் முதலாளி. செத்தவர்களில் ஒருத்தியின் தாய் ஒரு வாய்தா தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். நீதிபதி மாறினால் வழக்கு இழுக்கும், சாட்சிகள் பல்டி அடிப்பார்கள். இது அவளுக்கும் தெரியும்.

தீர்ப்புக்கு முந்தைய நாள் தலைமை எழுத்தர் என் மேசைமேல் சாய்ந்தார்.

"என்னம்மா, தீர்ப்பு ரெடியா?"

"கடைசிப் பக்கம் இன்னும் வரலே சார்."

நுணலும் தன் வாயால் கெடும். நானும் கெட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அம்மாவுக்கு மாற்றல் உத்தரவு. மலைக்கு அந்தப் பக்கம், நிலத் தகராறு பார்க்கும் ஒரு மூலைக்கு. "இன்று பிற்பகல் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்." எல்லா மாற்றலுக்கும் அப்படித்தான் போடுவார்கள், பழக்கதோஷம். தீர்ப்பே முடியவில்லை என்ற நம்பிக்கையில் இதற்கும் அப்படியே போட்டுவிட்டார்கள்.

அழுதுகொண்டே அறைக்குள் ஓடினேன். "நான்தான்ம்மா உளறிட்டேன்."

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "பிற்பகல்னுதானே போட்டிருக்கு? காலை என்னோடது. போய் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அந்த வழக்கை முதல்ல கூப்பிடச் சொல்லு."

எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தீர்ப்பு வாசிப்பார். அன்று பத்தரைக்கே வாசித்தார். முதலாளியின் வக்கீல் வாய்தா கேட்டு எழுந்தார். "உக்காருங்க" என்றார் அம்மா. முதலாளிக்குப் பத்து வருடம். கடைசி பெஞ்சில் அந்தத் தாய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குக் கூலியாக ஆறு வருடம் அந்த மூலையிலேயே அம்மாவை வைத்திருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அவருக்கு ஜூனியரான இரண்டு ஆண்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அம்மா செத்தபோது எட்டிப் பார்க்காதவர்களுக்கு இப்போது படம் ஒரு கேடு!

நேற்று என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"சார், தீர்ப்பு ரெடியான்னு அன்னிக்கு யாருக்காகக் கேட்டீங்க?"

தலைமை எழுத்தர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அந்தத் தாய், தலை முழுக்க நரைத்துப்போய், எழுந்து நின்றாள்.

"பதில் சொல்லுங்க சார். நான் எத்தனை நாள் வேணும்னாலும் வருவேன்."