ஃபிட்

கண்புரை ஆபரேஷனுக்கு நான் ‘ஃபிட்’ என்று பவானிபூர் டாக்டர் சீட்டில் எழுதினார். மூன்றே எழுத்து; நான்கு முறை படித்துவிட்டேன்.

சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் என்ஜின் ஓட்டிய அப்பா, வருடாந்தரக் கண் பரிசோதனை முடிந்து அந்தச் சொல்லோடு திரும்பினால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். ஒரு வருடம் அவர் பரிசோதனைக்குக் கிளம்பும்போது, ஏழடி தள்ளித் தொங்கிய தினசரிக் காலண்டரை அம்மா காட்டினாள்.

“தேதியைப் படிங்க.”

“பதினாலு. கண்ணு ஃபிட்டுடி!” என்று சிரித்தார்.

அன்று பதினாலுதான். ஆனால் பதிமூன்றாம் தேதித் தாளை அம்மா இன்னும் கிழிக்கவில்லை.

“வண்டிக்கு முன்னாடி ஆளுங்க நடக்குறாங்க. டாக்டர்கிட்ட நீங்களே உண்மையச் சொல்லிடுங்க,” என்றாள்.

மாலையில் அப்பா “அன்ஃபிட்” என்று வாசலிலேயே நின்றார். அம்மா இரண்டு தட்டு வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.