தோளில் நாலு தையல்

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டுதான் அமிர்தலிங்கம் வசனம் சொல்லிக்கொடுப்பார். ஊசிகள் ஒவ்வொன்றாகத் துணிக்குப் போகப் போக வசனம் தெளிந்துகொண்டே வரும். கடைசி ஊசியையும் குத்திவிட்டு முழு வாக்கியத்தையும் ஒருமுறை திருத்தமாகச் சொல்வார். அதற்குள் நடிகர்கள் முதலில் கேட்டதைப் பாடம் பண்ணியிருப்பார்கள். அதனால் அவருடைய நாடகத்தில் போலீஸ்காரனிலிருந்து விதவைத் தாய்வரை எல்லாரும் முதல் ஒத்திகையில் பல்லைக் கடித்துக்கொண்டே பேசுவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய சண்டை என்றுதான் தோன்றும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில், என் தபாலாபீசுக்கு எதிரே அவருடைய தையற்கடை. உப்பு லாரி போகும்போதெல்லாம் பலகைச் சுவர் ஆடும்; அவருடைய கத்தரி மட்டும் கோடு தவறாது. தேர்தல் வந்துவிட்டால் கடைக்குள் நுழைய முடியாது. கறுப்பு சிவப்பும், முழுச் சிவப்பும், மூவர்ணமும் ஒரே கயிற்றில் உரசிக்கொண்டு தொங்கும். நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டால், "எல்லாக் கொடியையும் ஓரம் மடிச்சுத்தாங்க அடிக்கணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஆனால் சித்திரையில், மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு நாள் போடும் நாடகம் என்று வந்துவிட்டால் மனிதர் வேறு. எழுதுவது, ஆள் பிடிப்பது, உடை தைப்பது, திட்டுவது எல்லாம் அவரே. நடிக்க மட்டும் வராது. ஒருமுறை ஆள் வராமல் தாமே மேடையேறி, தாம் எழுதிய வசனத்தையே மறந்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கியவர். இருந்தும் ஊருக்கு அவர் 'வாத்தியார்'தான். நான் மாற்றலாகி வந்த வாரமே எனக்குத் தாசில்தார் வேஷம் கொடுத்துவிட்டார். என் நடிப்பைப் பார்த்தல்ல. பழைய கோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அது என் உடம்புக்குத்தான் சேர்ந்தது.

வேஷம் கொடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. போன வருஷ நாடகத்துக்கு 'உழுதவன் வீட்டு உலை' என்று பெயர். அதில் மிராசுதார் வேஷம் ராசுவுக்கு. ராசு தெற்குத் தெருக்காரர். தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை பார்க்கும் குடும்பம். பண்ணையாள் வேஷமோ, ஊர் மிராசுதார் தியாகராசனின் அண்ணன் மகன் காயாரோகணத்துக்கு. முழங்கால்வரை சேறு பூச வேண்டும் என்றதும் காயாரோகணம் சில நாள் ஒத்திகைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஏன் இப்படித் தலைகீழாக என்று கேட்டேன். "பண்ணையாளைப் பண்ணையாளா நிக்க வச்சா அது வேஷம் இல்லீங்க சார், வேலை" என்றார்.

தெற்குத் தெரு ஆட்களைத் தொடாமல் கண்ணாலேயே அளவெடுக்கும் தையற்காரர்கள் இந்தப் பக்கம் உண்டு. இவர் நாடாவை ராசுவின் தோளில் வைத்து நிதானமாக அளந்தார். ராசுதான் கூசிப்போய் உடம்பைக் குறுக்கினார். "நிமிந்து நில்லு ராசு. குனிஞ்ச அளவுக்குத் தச்சா நிமிரும்போது கிழிஞ்சிரும்" என்றார் வாத்தியார். பட்டு ஜிப்பா ஒன்று தயாராயிற்று. மேலே போட்டுக்கொள்ளச் சரிகைக் கரை வைத்த அங்கவஸ்திரம்.

நாடகம் நடக்குமா என்பதே அந்த வருஷம் சந்தேகமாக இருந்தது. தை அறுவடையின்போது கூலி உயர்வு கேட்டுத் தெற்குத் தெரு வேலையை நிறுத்தியது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வரப்பில் செங்கொடி ஏறியது. பள்ளிக்கூடத்து வாசலில் போலீஸ் லாரி வந்து நின்றுவிட்டது. ஒருவழியாகப் பேசி முடித்த பிறகும் இரண்டு பக்கமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்தது வாத்தியாரின் ஒத்திகையில் மட்டும்தான். மேடை போடத் தியாகராசன் தம் நெற்களத்தைக் கொடுத்தார். அவருக்கு நாடகம் என்றால் உயிர்.

ஆனால் நேரத்துக்கு வரமாட்டார். மூன்றாவது காட்சி நடக்கும்போது முன்னால் ஓர் ஆள் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கி வர, பின்னால் அவர் வருவார். கூட்டம் எழுந்து நிற்கும். தெற்குத் தெருக்காரர் என்றால் தோளில் கிடக்கும் துண்டும் இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். ஆட்சி மாறி, மேடைக்கு மேடை சமத்துவம் பேசியாயிற்று; எங்கள் ஊரில் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

முதல் நாளும் அப்படித்தான் வந்தார். மேடையில் ராசு நாற்காலியில் உட்கார்ந்து காயாரோகணத்தை அதட்டிக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சம் தெரிந்ததுதான் தாமதம், விருட்டென்று எழுந்துவிட்டார். அங்கவஸ்திரம் தோளை விட்டு இடுப்புக்குப் போயிற்று. பட்டு ஜிப்பாவும் முறுக்கு மீசையுமாக, குனிந்து, கை கட்டி நின்றார். பக்கத்தில் காயாரோகணமும் வேஷத்துக்குத் தக்கபடி அதே கோலம். மேடையில் இரண்டு பண்ணையாட்கள், மிராசுதாரைக் காணோம். களமே சிரித்தது. தெற்குத் தெரு மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் தியாகராசன் வாத்தியாருக்குச் சொல்லியனுப்பினார். கோபமாக அல்ல. ராசு மரியாதை தெரிந்தவன், அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுங்கள் என்று. அதுதான் ராசுவைக் கொன்றது. கூலிப் போராட்டத்தில் கொடி பிடித்து முன்னால் நின்றவர் அவர். இனித் தெருவில் எப்படித் தலைகாட்டுவது, வேஷத்தைக் காயாரோகணத்துக்கே கொடுத்துவிடுங்கள் என்று ஜிப்பாவை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். கூடவே அவர் மனைவி நாகம்மாள். "அவரு புத்தி எந்திரிக்கலீங்க வாத்தியாரே. காலும் கையும் அதுபாட்டுக்கு எந்திரிச்சிருச்சு" என்றார்.

வாத்தியார் மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். ராசு இல்லாமலும் நாடகம் நடக்கும். ஆனால் தெற்குத் தெருவில் இன்னொருத்தர் அந்த நாற்காலியில் உட்கார எத்தனை வருஷம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். "இது உன் அளவுக்குத் தச்சது. வேற ஆளுக்கு ஏறாது" என்று ஜிப்பாவை விரித்தார். அங்கவஸ்திரத்தை அதன் தோளில் மடிப்புக் கலையாமல் வைத்து, கொடிக்குப் போடுகிற கெட்டி நூலால் நாலு தையல் போட்டார். கைக்கு ஆயிற்று, காலுக்கு என்ன செய்வது என்று நாகம்மாள் கேட்டார். "கை நின்னா கால் நிக்கும்" என்றார் வாத்தியார்.

இரண்டாம் நாள் பக்கத் திரைக்குப் பின்னால் நான் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றேன். அருகில் வாத்தியார். வாயில் ஊசியில்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். விளக்கு வந்தது. கூட்டம் எழத் தொடங்கியது. ராசுவின் உடம்பும் நாற்காலியிலிருந்து கிளம்பியது. கை தோளுக்குப் போய் இழுத்தது. துணி வரவில்லை. இன்னொரு முறை இழுத்தது. வரவில்லை. கை அங்கேயே நின்றது. ராசு தம் கையையே ஒரு கணம் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஒத்திகையில் இல்லாதது அது. முன்வரிசையைப் பார்த்து, "வாங்க. உக்காருங்க. இப்பத்தான் ஆரம்பிச்சோம்" என்றார்.

மணலிலிருந்து எழப்போன தெற்குத் தெருக்காரர்கள் மேடையைப் பார்த்தார்கள். எழவில்லை. தியாகராசன் சற்று நின்று பார்த்துவிட்டுத் தம் நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் திரைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நானும்தான், மறைப்பானேன். அடுத்த காட்சியில் தாசில்தார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜப்தி செய்ய வந்தது ஊருக்கே தெரியும்.

பண்ணை வீட்டுத் துணியெல்லாம் இப்போது முத்துப்பேட்டைக்குத் தைக்கப் போகிறது. இந்த வருஷம் களமும் இல்லை என்றாகிவிட்டது. இதற்காக வாத்தியார் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துத் திடலுக்கு அனுமதி கேட்டு அலைகிறார், வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் நடிக்கக் கூப்பிடுகிறார். என் கோட்டைக் கொஞ்சம் பிரித்துத் தைத்துத் தரச் சொன்னேன். தாசில்தார் சாப்பாட்டைக் குறைத்தால் போதும் என்கிறார்.

போன வாரம் அதே மிராசுதார் வேஷத்துக்கு உடை போட்டுப் பார்க்க ராசு வந்திருந்தார். தோளில் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் மடியில் ஜிப்பாவும் அங்கவஸ்திரமும். வழக்கம்போல வாய் நிறைய ஊசி. கெட்டி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு, முதல் தையலுக்குக் கையைத் தூக்கினார். அப்போது தியாகராசனின் கார், முன்னால் போன வைக்கோல் வண்டிக்கு வழி பார்த்து, கடை வாசலை ஒட்டி ஊர்ந்து வந்தது. உள்ளேயிருந்து அவர் திரும்பிப் பார்த்தார். ராசுவின் கை தோளுக்குப் போயிற்று. வாத்தியாரின் ஊசி அந்தரத்தில் நின்றது.

சரிந்திருந்த துண்டை ராசு மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார். கார் போய்விட்டது.

வாத்தியார் ஊசியிலிருந்து நூலை உருவினார். ஊசியைத் தம் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, அங்கவஸ்திரத்தை ஒரு உதறு உதறி, தைக்காமலே எடுத்து ராசுவின் மடியில் போட்டார்.