டோக்கன் அக்காவின் இருபத்தெட்டுச் சொற்கள்

அந்த மருத்துவமனையில் புறநோயாளிகள் உட்காரும் கூடத்துக்குக் கூரை ஏகப்பட்ட உயரம். பேச்சு மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இஷ்டமிருந்தால் இறங்கி வரும். குழந்தைகளின் அழுகை, இருமல், சக்கர நாற்காலிகளின் கிறீச்சொலி எல்லாவற்றையும் தாண்டி அங்கே எண்களைக் கூப்பிடுவதற்கென்றே ஒருத்தி இருந்தாள். கையில் மைக் இருந்தாலும் கத்தித்தான் ஆகவேண்டும். அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றார்கள். மாமியாரே யாராவது வந்து விசாரித்தால், "எங்க டோக்கனா? டியூட்டிக்குப் போயிருக்கு" என்பாள்.

கூப்பிடுவது ஆங்கிலத்தில். வருகிற ஜனம் நாலு பாஷை பேசும், ஆனால் எண் என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் ஆங்கிலம் வரும். அவள் எதையும் சுருக்கமாட்டாள். 'த்ரீ ஹண்ட்ரட் ஃபார்ட்டி டூ' என்று முழுசாகச் சொல்வாள். நடுவில் அந்த ஹண்ட்ரட் இல்லாவிட்டால் பாதி எண்ணைக் கூரை விழுங்கிவிடும் என்பது அவள் அனுபவம்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தே, ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே புத்தகத்தைப் புரட்டி, அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினாள். அவள் வம்சத்தில் பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவள்தான். சான்றிதழைக் காட்டியபோது மேனேஜர், "நல்லது. ஆனா நம்பர் கூப்பிட எதுக்கும்மா டிகிரி?" என்றார். அந்த மாதமே சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

வகுப்பில் மற்றதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். ஒருநாள் ஆசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார்: எண்ணைக் கொடுத்தால் அதை ஆங்கில வார்த்தைகளில் எழுதிக் காட்டும் நிரல். பக்கத்து இருக்கையில் இருந்தவனுக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் ஒன்று வந்தால் ஒன், இரண்டு வந்தால் டூ என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரியாகத் தட்டிக்கொண்டே போனான்.

"தம்பி, எதுவரைக்கும் போறதா உத்தேசம்?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வரைக்கும்க்கா. வேற வழி?"

"அதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றாள். "நான் தினமும் அத்தனை நம்பரையும் கூப்பிடுறேன். அதுக்காக வாயில அத்தனை வார்த்தையா வெச்சிருக்கேன்?"

விரல் விட்டு எண்ணினாள். ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை தனித்தனிச் சொல். ட்வென்ட்டியிலிருந்து நைன்ட்டி வரை எட்டு. அப்புறம் ஒரு ஹண்ட்ரட். இருபத்தெட்டு, அவ்வளவுதான். எண்ணை நூறால் வகுத்து ஈவை முதலில் சொல்லு, மீதியை அப்புறம் பார். அவள் நிரல் அரைப் பக்கத்தில் முடிந்தது. முதல் ஓட்டத்தில் இருபதுக்கு 'ட்வென்ட்டி ஜீரோ' என்று வந்து வகுப்பே சிரித்தது. மீதி இல்லாவிட்டால் வாயை மூடு என்று ஒரு வரி சேர்த்தாள். சரியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டை மக்கர் செய்தது. குரல் முதலில் கரகரத்தது, பிறகு பாதி வார்த்தையில் நின்றது. அதே மருத்துவமனையின் தொண்டை டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கத்துறது மட்டுமில்ல, நாள் முழுக்கப் பேசுறதையே விடணும். இல்லேன்னா குரல் ஒரேயடியாப் போயிடும்" என்றார்.

மேனேஜரிடம் சேதி போனது. தானாக எண் கூப்பிடும் இயந்திரம் விற்க வந்த ஒரு கம்பெனிக்காரர், டை கட்டிக்கொண்டு, ஏற்கெனவே அவர் அறையில் இடம் பிடித்திருந்தார்.

"வாய் வேலைக்கு வந்த ஆளு நீ. வாயே இல்லேன்னா எங்கம்மா உட்கார வைப்பேன்? வேற சீட்டு காலியில்ல" என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை.

அவள் மெல்லிய குரலில், "சார், அந்த மெஷினை நானே செஞ்சு தர்றேன். திங்கட்கிழமை கேட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா நானே எழுந்து போயிடுறேன்" என்றாள். டை கட்டியவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பைத்தான் துடைத்தார்.

வீட்டில் நாலு நாள் மௌன விரதம். லாரி பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவன், "கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் ஆரம்பிச்ச பேச்சை நானே முடிச்ச முதல் நாலு நாள் இதுதான்" என்றான். அவள் கரண்டியைக் காட்டினாள். அவன் அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

ஐந்தாம் நாள் மருத்துவமனையின் சலவைத்துணி அறைக்குப் போனாள். நாலு பக்கமும் மடித்து அடுக்கிய போர்வைகள். அங்கே எதிரொலி எழும்பவே எழும்பாது. கைபேசியில் இருபத்தெட்டுச் சொற்களையும் ஒவ்வொன்றாக, கத்தாமல், தெளிவாகச் சொல்லிப் பதிந்தாள். நிரல் திரையில் வார்த்தையை எழுதுவதற்குப் பதில் அந்த ஒலியை ஓடவிடுவது எப்படி என்று வகுப்பில் பக்கத்தில் உட்காரும் கண்ணாடி தேடிக் கண்டுபிடித்துச் சொன்னான்.

திங்கட்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. மேனேஜர் வந்தார். டை கட்டியவரும் கூடவே. அவள் கூடத்து ஒலிபெருக்கியோடு இணைத்த கணினியில் 342 என்று தட்டி விசையை அழுத்தினாள்.

"த்ரீ. ஹண்ட்ரட். ஃபார்ட்டி. டூ."

அவள் குரலேதான், கணீரென்று. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேர் எழுந்தார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தவர்களை அதே எண்ணில் மறுபடி கூப்பிடுவது அங்கே வழக்கம். அப்படிக் காத்திருந்த முந்நூறாம் எண் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு புறப்பட்டார். நாற்பத்திரண்டாம் எண் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உண்மையான 342 ஓர் இளைஞன். மூவரும் டாக்டர் அறை வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"என்னைத்தாம்ப்பா கூப்பிட்டாங்க, ஹண்ட்ரடோட நிறுத்திட்டாங்க இல்ல?"

"தாத்தா, அது என் நம்பர்!"

"நாற்பத்திரண்டுன்னு என் காதால கேட்டேன், வழி விடுங்க!"

டை கட்டியவர், "இதுக்குத்தான் சார் அனுபவம் வேணும்ங்கிறது" என்றார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. நிரலில் பிழை இல்லை, அது அவளுக்குத் தெரியும். கண்ணை மூடி, தான் தினமும் கூப்பிடும் விதத்தை நினைத்துப் பார்த்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. 'த்ரீ ஹண்ட்ரட்' என்னும்போது குரல் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று தூக்கலாகவே நிற்கும். கடைசிச் சொல்லில்தான் இறங்கி உட்காரும். குரல் உட்கார்ந்த பிறகுதான் ஜனம் எழுந்திருக்கும். போர்வை அறையிலோ அவள் ஒவ்வொரு சொல்லையும் தனியாகச் சொன்னதால் ஒவ்வொன்றையும் முடித்து முடித்துச் சொல்லிவிட்டாள். ஒரே எண்ணுக்குள் நாலு முற்றுப்புள்ளி!

"சார், மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

"எதுக்கும்மா? மெஷினைச் சரி பண்ணவா?"

"இல்ல சார். என் வாயை."

போர்வைகளுக்கு நடுவே மறுபடி நின்றாள். இந்தத் தடவை குரலைத் தூக்கி நிறுத்திச் சொன்னாள். எல்லாவற்றையும் அல்ல. பத்து முதல் பத்தொன்பது வரை எங்கே வந்தாலும் கடைசியில்தான் வரும், அவற்றுக்குப் பழைய பதிவே போதும். ஒன்று முதல் ஒன்பது வரை, ட்வென்ட்டி வகையறா, ஹண்ட்ரட், இவற்றுக்கு மட்டும் இரண்டாவது பதிவு. கடைசிச் சொல்லைப் பதியும்போது தொண்டை காந்தியது. விழுங்கிக்கொண்டாள். நிரலில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தாள்: இதற்குப் பின்னால் இன்னும் சொல் இருக்கிறதா? இருந்தால் தூக்கிய குரல். இல்லையென்றால் இறங்கிய குரல்.

மத்தியானம் மேனேஜரே கணினியின் முன் உட்கார்ந்தார். வேண்டுமென்றே முந்நூற்றுச் சில்லறையாகத் தட்டினார். ஒரே ஓர் அம்மாள் எழுந்து நேராகப் போனாள். இன்னொன்று தட்டினார். ஒரே ஆள். டை கட்டியவர் தானே ஒன்றைத் தட்டிப் பார்த்தார்: 300. குரல் ஹண்ட்ரடில் இறங்கி உட்கார்ந்தது. காலையில் ஏமாந்த பெரியவர் எழுந்து, "இப்போ நிஜமாவே நான்தானே?" என்று கேட்டார். கூடமே, "நீங்கதான், நீங்கதான்!" என்றது. டை கட்டியவர் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து, அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். "எக்ஸ்ரே பக்கமும் மருந்துக் கவுண்டர்லயும் இதே மாதிரி போட்டுடலாமாம்மா?"

"போடலாம் சார்" என்றாள் கிசுகிசுப்பாக. "ஆனா வேலைப் பட்டியல்ல என் பேருக்கு நேரா 'அழைப்பவர்'னு இருக்கு. நான்தான் இனிமே அழைக்கப் போறதில்லையே."

"பின்ன என்னன்னு போடணும்?"

"புரோகிராமர்."

மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.