வெற்றிலைச் சுண்ணாம்பிலிருந்து முருகன் மீட்ட உயிர்

“…வெத்திலையைப் பறிச்சால் ஆளும் போயிடும், டொக்டர்! உங்கடை மருந்துக்குத் திறக்காத வாய் உதுக்குத்தானே திறக்குது!”

ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் நின்று சண்டை பிடித்தவள் என் தங்கை பூமணி. எழுபதுகளின் கடைசி, புகையிலை வெட்டு முடிந்த காலம்.

நான் அச்சுவேலித் தோட்டக்காரன். வயிற்றெரிவு தணியட்டும் என்று நாள் முழுவதும் பால் குடித்துவந்தேன். பிறகு வாந்தி, ஓயாத தாகம். பல்லுப் போனால் சொல்லுப் போகும் என்பார்கள். எனக்குப் பல்லெல்லாம் இருக்கச் சொல் போயிற்று. புத்தி தடுமாறிப் பெற்ற பிள்ளையையே “ஆர் நீ?” என்றேனாம்.

“சிறுநீரகம் படுத்திட்டுது. ரத்தத்திலை கல்சியம் கூடிக்கிடக்கு. ஏனெண்டு பிடிபடேல்லை” என்றார் டொக்டர். என்ன சாப்பாடு, என்ன மருந்து என்று விசாரித்தார். மனைவி பாலைச் சொன்னாள், பாலை நிறுத்தினார்கள். அப்படியும் கல்சியம் இறங்கவில்லை. நான் ஓயாமல் போடும் வெற்றிலையை அவள் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்?

மனைவி கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அழுதாள். “முருகா, இது என்ன வருத்தமெண்டு ஆரின்ரை வாயாலை எண்டாலும் சொல்லிவிடு.”

அன்று பின்னேரமே, ஒளித்து என் வாயில் வெற்றிலை தீத்திய பூமணியை நேர்ஸ் கையும் களவுமாகப் பிடித்தாள். அப்போது கிளம்பியதுதான் அந்தச் சண்டை.

டொக்டர் திரும்பினார். “எவ்வளவு சுண்ணாம்பு போடுவார்?”

“உதென்ன கேள்வி? சுவருக்கு வெள்ளை அடிக்கிறமாதிரித்தான்! குறைஞ்சால், மாட்டுக்குக் குழை போட்டமாதிரிக் கிடக்கெண்டு எங்களோடை சண்டைக்குக் கொழுவுவார்.”

“அம்மா, அந்தச் சுண்ணாம்புதான் கல்சியம். பாலும் அதுவும் சேர்ந்துதான் உங்கடை அண்ணையைக் கொல்லுது.”

வெற்றிலை நின்றது. சேலைன் ஏறியது. சிறுநீர் போகத் தொடங்கியது. கல்சியமும் மெல்ல இறங்கியது. தெளிந்ததும் நான் கேட்ட முதற்கேள்வி, “தோட்டத்துக்கு ஆர் தண்ணி இறைக்கிறது?” மனைவி சிரித்துச் சிரித்தே அழுதாள்.

அடியார்களே, வேலோடு வருவான் என்று பார்த்திருந்தோம். அவன் என் தங்கையின் வாயாக வந்தான். அன்றிலிருந்து நான் வெற்றிலை தொட்டதில்லை, வெள்ளிக்கிழமை கோயிலைத் தவறவிட்டதுமில்லை. உங்களுக்கும் வழி தெரியாத நாள் வந்தால் அவனிடம் கேளுங்கள். பதில் யார் வாயிலிருந்தும் வரும். காதைத் திறந்து வைத்திருங்கள்.

பூமணி இப்போது இல்லை. அந்தச் சண்டைக் குரலை இன்னொருமுறை கேட்க மனம் ஏங்குகிறது. அன்று டொக்டர் சொன்னதைக் கேட்டதும் அவள் மடியிலிருந்த சுண்ணாம்புக் குப்பியை அவர் கையில் வைத்தாளாம். வெளியே போய்த் தன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பி, குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, என் கால்களைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.